கைகாடி மக்கள் பேசுவது சிதைந்த தமிழா?

மகாராஷ்டிரத்தின் கைகாடி மக்கள் பேசும் மொழி சிதைந்த தமிழா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு. 'சிதைந்த' என்ற சொல்லைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பணி நிமித்தம் சோலாப்பூரில் இருந்த நாள்களில், சாலையோரம் கூடை முடையும் ஒரு கைகாடிக் குடும்பத்தை அடிக்கடி நின்று கவனிப்பேன். ஈரச் சாக்கில் சுற்றிய துவரை மிளாறுகளை ஒவ்வொன்றாக உருவி, கூடையின் அடியைக் கால் பெருவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு மூதாட்டி வளைத்துச் செருகுவார். என்னிடம் மராத்தியில் பேசுவார். மருமகளிடம் திரும்பியதும் மொழி மாறிவிடும். அதில் எண்களும் சில உறவுச்சொற்களும் எனக்குப் பழகியவையாகக் கேட்டன. முழு வாக்கியம் மட்டும் ஒருநாளும் பிடிபட்டதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் மொழியறிஞர் கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் கள ஆய்வின் 1906-ஆம் ஆண்டுத் தொகுதி, கைகாடியைக் கொரவ மொழியோடு சேர்த்துத் தமிழின் கிளைவழக்காக வைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏறத்தாழ 26,000 கைகாடி பேசுவோரைத் தமிழின் கீழ்தான் எண்ணுகிறது. ஆயினும் உலக மொழிக் குறியீட்டுப் பட்டியலில் அது தனிமொழி. மராத்தியின் நடுவே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஒரு மொழியை நம் இலக்கணத்தால் அளந்து பிழை காண்பது முறையாகாது.

குற்றப் பரம்பரையினர் என்று 1871-ஆம் ஆண்டுச் சட்டம் முத்திரை குத்திய சமூகங்களுள், அச்சட்டம் பின்னாளில் பம்பாய் மாகாணத்துக்கும் வந்தபோது, இவர்களும் சேர்க்கப்பட்டனர். 1952-இல் சட்டம் நீங்கியது. முத்திரை அவ்வளவு விரைவில் அழியவில்லை. இன்றும் மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதியான விதர்பாவின் பெரும்பகுதியில் பட்டியல் சாதியினராகவும், மாநிலத்தின் பிற பகுதிகளில் 'விமுக்த ஜாதி' (அந்த முத்திரையிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகம்) என்ற வேறு பிரிவினராகவும் இருக்கிறார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஒரே குடும்பத்தின் சான்றிதழ் மாறிவிடுகிறது. இச்சமூகத்தில் பிறந்த லட்சுமண் மானே, கழுதைகளோடு ஊர் ஊராக அலைந்த தம் இளமையை 'உபரா' என்ற தன்வரலாற்றில் மராத்தியில் எழுதி 1981-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

கை, கூடை என்னும் சொற்களிலிருந்தே 'கைகாடி' என்ற பெயர் வந்தது என்று ஆங்கிலேயர் காலப் பதிவுகள் ஊகிக்கின்றன. அந்த ஆர்வத்தில் ஒருநாள் மூதாட்டியிடம், எங்கள் ஊரில் இதைக் 'கூடை' என்போம் என்றேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டவர், ஆனாலும் விலையைக் குறைக்க முடியாது என்று மராத்தியிலேயே முடித்துவிட்டார்.