கேஷ் ஆன் டிமாண்ட் (1961): கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

இந்தப் பழைய பிரிட்டிஷ் பேங்க் கொள்ளைப் படத்தைப் பத்தி ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால மொத்தமா இங்கயே பதில் போட்டுடறேன். கிளைமாக்ஸ் மட்டும் சொல்ல மாட்டேன், கெஞ்சினாலும்.

கேள்வி: அண்ணா, படமே பாக்கல. கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

பதில்: கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஹேவர்ஷாம்னு ஒரு சின்ன ஊர்ல பேங்க் கிளை. மேனேஜர் ஃபோர்டைஸா பீட்டர் குஷிங். கறார்னா அப்படி ஒரு கறார், ஏற்கனவே சரி பண்ணியாச்சுங்கற ஒரு சின்ன கணக்குத் தப்புக்கு ஹெட் கிளார்க் பியர்ஸனோட வேலைக்கே உலை வைக்கப் பாக்கற மனுஷன். அந்த நேரத்துல இன்ஷூரன்ஸ் கம்பெனில இருந்து செக்கிங் வந்திருக்கேன்னு கர்னல் கோர் ஹெப்பர்ன்னு ஒருத்தர் ஜம்முனு உள்ள வர்றார். ரூம் கதவை சாத்தினதும் பேச்சு மாறுது. உங்க பொண்டாட்டியும் பையனும் எங்க ஆளுங்க கைல, சத்தம் போடாம நீங்களே ஸ்ட்ராங் ரூமைத் திறந்து 93,000 பவுண்டை எடுத்துக் கொடுக்கணும்னு. அவ்ளோதான் கதை.

கேள்வி: ஹேமர் கம்பெனின்னா டிராகுலா, ரத்தம், கோட்டைன்னு தானே சார்? அவங்க எதுக்கு பேங்க் கதை எடுத்தாங்க?

பதில்: பேய்ப்படத்துல பேர் வாங்கறதுக்கு முன்னாடியே ஹேமர் சின்ன பட்ஜெட் கிரைம் படங்களை வரிசையா எடுத்துத் தள்ளின கம்பெனிதான். 1950கள்ல அமெரிக்காவுல மார்க்கெட் இறங்கின ஹீரோ ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து நடிக்க வச்சா அங்கயும் விக்கலாம்னு கணக்குப் போட்டு ஏகப்பட்டது எடுத்தாங்க. இது வேற வழி. 1960ல பிரிட்டன் டிவி சேனல் ஐடிவியில 'தி கோல்ட் இன்சைட்'னு ஒரு டிவி நாடகம் வந்துச்சு, ஜாக்ஸ் கில்லிஸ் எழுதினது. அதே கதை, அதே டைரக்டர் க்வென்டின் லாரன்ஸ், கர்னலா அதே ஆந்த்ரே மொரெல், கிளார்க்கா அதே ரிச்சர்ட் வெர்னன். மேனேஜர் வேஷத்துக்கு குஷிங் உள்ள வந்தார்.

கேள்வி: முழுக்க ஒரே பேங்க்குக்குள்ளயே சுத்துது, வெளிய காட்டற தெருவும் செட்டுன்னு தெரியுது. காசில்லாம எடுத்தது பளிச்சுனு தெரியுதே, இதைப் போய் ஏன் இவ்ளோ தூக்கி வைக்கறீங்க?

பதில்: காசில்லாம எடுத்ததுதான், மறுக்கல. மொத்த செலவே ஏறக்குறைய 37,000 பவுண்டு. படத்துல கொள்ளையடிக்க வர்ற பணம் படத்தோட பட்ஜெட்டை விட ரெண்டரை மடங்கு, அதை நினைச்சா எனக்கே சிரிப்பு வரும். ஆனா இந்தக் கதைக்கு காசு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்கன்னு யோசிங்க, அந்தம்மாவைக் கட்டி வச்சிருக்கற வீட்டைக் காட்டியிருப்பாங்க, ஒரு கார் சேஸிங் போட்டிருப்பாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கட் போயிருப்பாங்க, எல்லாம் போட்டு நம்மளை நிம்மதியா மூச்சு விட வச்சிருப்பாங்க. இங்க அதுக்கு வழியே இல்ல. வீட்ல என்ன நடக்குதுன்னு மேனேஜருக்கு ஃபோன்ல கேக்கறது மட்டும்தான் தெரியும், நமக்கும் அவ்ளோதான் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டாஃப் எப்பவும் போல வேலை பாத்துட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் இவர் வேர்த்து வழியறார். காலைல கிளார்க்கை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட அதே ரூம்ல இப்ப இவர் நின்னு பதில் சொல்றார் பாருங்க, படமே அங்கதான் இருக்கு. கொள்ளை அதுக்கு ஒரு சாக்கு. டிக்கன்ஸ் எழுதின, கிறிஸ்மஸ் சமயத்துல மனசு மாறற கஞ்சன் ஸ்க்ரூஜ் கதையைத்தான் துப்பாக்கி இல்லாத கொள்ளைக்காரனை வச்சு திருப்பி சொல்றாங்கன்னு பல பேர் எழுதியிருக்காங்க, எனக்கும் அது சரின்னுதான் படுது.

கேள்வி: மொரெலை எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு ப்ரோ.

பதில்: 1959 ஹேமர் 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'ல குஷிங் ஷெர்லாக் ஹோம்ஸ், இவர் கூட வர்ற டாக்டர் வாட்சன். அந்த ஜோடி இங்க எதிரும் புதிருமா உக்காந்திருக்கு. மொரெல் பெரும்பாலும் குரலை ஏத்தாம, கல்யாண வீட்டு மாமா மாதிரி சிரிச்சுக்கிட்டே மிரட்டுவார். குஷிங்கை எல்லாரும் புகழறாங்க, சரிதான், ஆனா என் ஓட்டு மொரெலுக்கு.

கேள்வி: சில இடத்துல ஒரு மணி நேரம் சொச்சம்னு போட்டிருக்கு, நான் பாத்தது அதை விட பெருசா இருந்துச்சே?

பதில்: 1961லயே அமெரிக்காவுல வந்துடுச்சு, சொந்த ஊர் பிரிட்டன்ல 1963 டிசம்பர்ல தான். அதுவும் 66 நிமிஷமா வெட்டி, மெயின் படத்துக்கு முன்னாடி ஓட்டற ரெண்டாவது படமா. பெரிய பிரிண்டே பாருங்க, வெட்டினதுல போறது எல்லாம் அந்த இழுவை டென்ஷன்தான்.

கேள்வி: அப்ப இதுதான் கோட்டா க்விக்கீயா?

பதில்: இல்லம்மா, பல பேர் குழப்பிக்கறாங்க. கோட்டா க்விக்கீ 1930கள் சமாச்சாரம். ஹாலிவுட் படமே தியேட்டரை முழுங்குதுன்னு 1927ல பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, இவ்ளோ சதவீதம் உள்ளூர்ப் படம் காட்டியே ஆகணும்னாங்க. உடனே அமெரிக்க கம்பெனிங்க அடிக்கு ஒரு பவுண்டு ரேட்ல ஏனோதானோன்னு படம் எடுக்க வச்சு கணக்கு காட்டினாங்க. காலைல தியேட்டர் கூட்டறவங்களுக்கு மட்டும் ஓட்டி முடிச்சுடுவாங்கன்னு கூட ஒரு கதை உண்டு. ஆனா பின்னாடி பெரிய டைரக்டரான மைக்கேல் பவல் மாதிரி ஆளுங்க தொழில் பழகினதும் அதுலதான். கேஷ் ஆன் டிமாண்ட் அதெல்லாம் ஓய்ஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சு வந்த பி படம், அதாவது மெயின் படத்தோட சேத்து ஓட்டற சின்ன பட்ஜெட் படம்.

கேள்வி: அலாரத்தை அழுத்தாம, ஸ்டாஃப் கிட்ட கண் ஜாடை கூட காட்டாம இருக்கறது லாஜிக்கே இல்லையே?

பதில்: ஃபோன்ல பொண்டாட்டி அலர்றதைக் கேட்டப்புறம் நீங்க அழுத்துவீங்களா? இன்னொண்ணு, ஜாடை காட்டினா புரிஞ்சுக்கற அளவுக்கு அந்த ஸ்டாஃப்ல ஒருத்தரோடயாவது அவர் பழகியிருக்காரா சொல்லுங்க.

கேள்வி: கலர்ல இருக்கா?

பதில்: கருப்பு வெள்ளைதான்.

கேள்வி: இது புடிச்சுது, அடுத்து என்ன பாக்கலாம்?

பதில்: எட்கர் வாலஸ் மிஸ்டரிஸ், வாலஸ்ங்கற பிரிட்டிஷ் கிரைம் எழுத்தாளர் பேர்ல வந்த பட வரிசை. 1960ல இருந்து 65 வரைக்கும் லண்டன் மெர்ட்டன் பார்க் ஸ்டுடியோல எடுத்த நாப்பதுக்கு மேல படம், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் கிட்ட. ஆரம்பத்துல புகைக்கு நடுவுல வாலஸோட தலைச் சிலை சுத்தும், அந்த டைட்டில் மியூசிக்கை தி ஷேடோஸ்ங்கற பிரிட்டிஷ் இசைக்குழு வாசிச்சு தனி ஹிட்டே ஆச்சு. எல்லாமே நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன், கொட்டாவி விட வைக்கறதும் நிறைய. 'சோலோ ஃபார் ஸ்பேரோ'ல பேர் தெரியாத காலத்து மைக்கேல் கெய்ன் அடியாளா வருவார், அதுக்காகவே அதை முதல்ல போடுங்க. தனித்தனிக் கதைங்கறதால வரிசையெல்லாம் தேவையில்ல.