எலும்பு சீக்கிரம் கூட ஊசி இருக்கிறதா? வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

கேள்வி: பைக்கில் விழுந்து இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே ராடு வைத்து இரண்டரை மாதம் ஆகிறது. வயது 34. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த கோடு இன்னும் தெரிகிறது. தினமும் வயிற்றில் போட்டுக்கொள்கிற ஒரு ஊசி இருக்கிறதாம், ஒரே மாதத்தில் எலும்பு கூடிவிடுமாம், மச்சான் சொல்கிறார். எங்கள் டாக்டர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானே கேட்டு வாங்கலாமா?
வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தக் கோட்டைப் பற்றிய பயத்தை விடுங்கள். கீழ்க்கால் எலும்பு கூட நாலைந்து மாதம் ஆவது சாதாரணம். முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே எலும்பு, நடுவில் சதை கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் உடம்பில் மெதுவாகக் கூடுகிற எலும்புகளில் இதுவும் ஒன்று. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும், அப்புறம் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற ஒரு திசு வளரும், அதில் கால்சியம் படியப் படியத்தான் அது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். படம் எப்போதுமே உண்மையை விடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். ஒன்பது மாதம் ஆகியும் கூடவில்லை, கடைசி மூன்று மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால்தான் 'கூடாத எலும்பு' என்று பொதுவாகப் பெயர் வைப்பார்கள். நீங்கள் அதற்கு ரொம்ப தூரத்தில் இருக்கிறீர்கள்.

மச்சான் சொல்கிற ஊசி டெரிபாரடைட் என்று நினைக்கிறேன். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் முதல் 34 அமினோ அமிலங்களை மட்டும் எடுத்துச் செய்த மருந்து. பேனா வடிவில் வரும், தினமும் குத்திக்கொள்ள வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது, ஆனால் எலும்பு மெலிந்துபோனவர்களுக்காக, முறிந்ததைக் கூட வைப்பதற்காக இல்லை. கூட வைக்குமா என்றும் பார்க்காமல் இல்லை. 2010இல் வெளியான ஆய்வில், மணிக்கட்டு முறிந்த, மாதவிலக்கு நின்ற 102 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு எலும்பு கூடுவதற்கு 9 வாரம் ஆனது, 20 மைக்ரோகிராம் மருந்து போட்டவர்களுக்கு ஏழரை வாரம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில் இரண்டு மடங்காக 40 மைக்ரோகிராம் போட்டவர்களுக்குப் பெரிதாக எந்த லாபமும் இல்லை. கூடுதல் மருந்துக்குக் குறைந்த பலன் என்றால் எங்களுக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? அப்படியே பலித்தாலும் மிச்சமாவது ஒன்றரை வாரம்தான். ஒரே மாதத்தில் கூடிவிடும் என்பதெல்லாம் கதை. பல மாதமாகக் கூடாமல் அடம்பிடிக்கிற எலும்புக்குச் சில டாக்டர்கள் இதை முயன்று பார்க்கிறார்கள், அது வேறு விஷயம்.

எலும்பை வளரவைக்கும் புரதம் ஒன்றும் உண்டு. மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1965இல் போட்ட பிள்ளையார் சுழி அது. அந்தப் புரதத்தை ஆய்வகத்தில் செய்து, பஞ்சு மாதிரி ஒன்றில் நனைத்து, ஆபரேஷனின்போதே முறிந்த இடத்தில் வைப்பார்கள். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிற கீழ்க்கால் முறிவுக்கு 2004இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. விலை பயங்கரம். உங்களுக்கு இப்போது அது தேவையும் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவது மேலே சொன்ன எந்த ஊசியை விடவும் பெரிய மருந்து, செலவும் மிச்சம். சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், 34 வயதுதானே என்று விடாதீர்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் தினமும் தட்டில் இருக்கட்டும். டாக்டர் காலை ஊன்றச் சொல்லியிருந்தால் ஊன்றுங்கள். பயந்துபோய்க் கட்டிலிலேயே கிடப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ராடு வைத்த காலில், சொன்ன அளவுக்கு எடை விழுவதும் எலும்பை வளரத் தூண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தது. இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை போடும் ஊசி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதைப் போட்டால் முறிந்த எலும்பு கூடாது, தாடை எலும்பு அழுகிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஆபரேஷன்தான் நன்றாக முடிந்துவிட்டதே, ஊசி எதற்கு?
வாசகி, நாகர்கோவில்

பதில்: எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிகிறது என்றால், எலும்பு ஏற்கெனவே மெலிந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். ஆபரேஷன் சரிசெய்தது உடைந்த அந்த ஒரு இடத்தை. இன்னொரு பக்கத்து இடுப்பு, முதுகெலும்பு, மணிக்கட்டு எல்லாம் பழையபடி மெலிந்துதான் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் பாதிப் பேரை ஒரு அட்டை கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அடுத்த முறிவுக்குத்தான் திரும்ப வருகிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

அது சோலெட்ரானிக் ஆசிட். 5 மில்லிகிராம், டிரிப்ஸில் கால் மணி நேரமாவது மெதுவாக ஏற்றுவார்கள். உங்கள் அம்மாவைப் போல இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன 2,127 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஊசி போட்டவர்களில் புதிதாக எலும்பு முறிந்தது 8.6 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 13.9. இறந்தவர்கள் எண்ணிக்கையும் ஊசி போட்டவர்களில் குறைவு, 13.3க்குப் பதில் 9.6 சதவீதம். முறிந்த இடம் கூடுவது இதனால் தாமதமாகவில்லை என்பதையும் அதிலேயே பார்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள்.

தாடைப் பிரச்சினை பொய் இல்லை. ஆனால் எலும்பு மெலிவுக்காகப் போடும் அளவில் மிக அபூர்வம், புற்றுநோய்க்காக அடிக்கடி போடுகிறவர்களுக்குத்தான் அதிகம். பல் பிடுங்க வேண்டியது இருந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு வாரமாவது கழித்துப் போடுவது நல்லது, நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். போடும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் ரொம்ப பலவீனம் என்றால் இந்த ஊசி கூடாது, வேறு மருந்து இருக்கிறது. அன்றைக்கு நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி வந்தால் பாராசிட்டமால் போதும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். அப்புறம் அந்தக் குளியலறையில் ஒரு கைப்பிடி போடுங்கள்.

கேள்வி: வாரம் ஒன்று சாப்பிடச் சொன்ன 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை மாமா தினமும் ஒன்றாக இருபது நாள் சாப்பிட்டுவிட்டார். எலும்புக்கு நல்லதுதானே என்கிறார்.
வாசகர், விழுப்புரம்

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். எட்டு வாரத்தில் 4,80,000 யூனிட் போக வேண்டிய இடத்தில் இருபது நாளில் 12 லட்சம் போயிருக்கிறது. கால்சியம் மாத்திரையும் இப்போதைக்கு வேண்டாம். ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், வைட்டமின் டி அளவு பார்த்து, டாக்டரிடம் இன்றே காட்டுங்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம், இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், சிறுநீரகம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது. பாக்கெட்டின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி வைத்தாலே போதும்.

கேள்வி: பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் எலும்பைக் கூட வைக்குமா? மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு நாட்டு வைத்தியக் கட்டு போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.
வாசகி, தேனி

பதில்: பிரண்டையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். 1964இலேயே உடுப்பா, பிரசாத் என்ற இருவர் பிரண்டை முறிந்த எலும்பில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், மனிதர்களிடமும் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. 'எலும்பு கூடும்' என்று எழுதித் தருகிற அளவுக்கு அவை போதாது, அவ்வளவுதான். துவையலாகச் சாப்பிடுங்கள், நன்றாக வதக்கி, புளி சேர்த்து, இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். அரிக்கக் காரணமான ஆக்ஸலேட் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. ஆட்டுக்கால் சூப் ருசிக்கு நல்லது, அதில் கரைந்து வரும் கால்சியம் அரை டம்ளர் பாலுக்குக்கூட ஈடாகாது.

கட்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். மாவுக்கட்டைப் பாதியில் பிரித்தால் சேர்த்து வைத்த எலும்பு நகர்ந்துவிடும். யார் போட்ட கட்டானாலும் சரி, விரல் நீலமாகிறது, மரத்துப்போகிறது, விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

கேள்வி: விலா எலும்பில் விரிசல். மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கி மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். வலி மாத்திரை எலும்பு கூடுவதைத் தடுக்கும் என்கிறார்களே?
வாசகர், மதுரை

பதில்: அதில் விஷயம் இருக்கிறது. முறிந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்துதான் கூடும் வேலையே தொடங்குகிறது. டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் அதைத்தான் அடக்குகின்றன. இதே குடும்பத்து இண்டோமெதசினை, இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வேண்டாத இடத்தில் எலும்பு வளராமல் இருக்கவே கொடுப்பதுண்டு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சில நாள் சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை என்றே நினைக்கிறேன். மூன்று வாரம் அதிகம், எலும்புக்கு முன்னால் உங்கள் வயிறும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும். டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமாலுக்கு மாறுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். விலா முறிந்தவர் வலிக்குப் பயந்து மூச்சை இழுத்து விடாமல் இருந்தால் சளி கட்டி நிமோனியா வரும்.

கேள்வி: ஏழு வயதுப் பையன், முன்கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். கால்சியம் சிரப் கொடுக்கலாமா?
வாசகி, கரூர்

பதில்: நன்றாகச் சாப்பிடுகிற பையன் என்றால் தேவையில்லை. இந்த வயதில் நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். பால், முட்டை, கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கட்டுக்குள் அரிக்கிறது என்று ஸ்கேலை விட்டுச் சொறிய மட்டும் விடாதீர்கள், உள்ளே புண்ணானால் கட்டைப் பிரிக்கிற வரை தெரியாது.