நகையை வைத்து மருந்துப் பங்கு வாங்கலாமா?

கேள்வி: என் மைத்துனர் ஆன்லைனில் அமெரிக்கப் பங்கு வாங்குகிறார். கொழுப்புக் கல்லீரல் மருந்து ஒன்றின் பரிசோதனை முடிவு அடுத்த மாதம் வருகிறதாம். இப்போதே வாங்கினால் மூன்று மடங்கு என்கிறார். நகையை அடகு வைத்து 2 லட்சம் போடலாமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா. மூன்று மடங்கு என்பது பொய்யில்லை. 2022 டிசம்பரில் ரெஸ்மெடிரோம் என்ற கொழுப்புக் கல்லீரல் மருந்தின் முடிவு வந்த அன்று, அதைத் தயாரித்த மாட்ரிகல் கம்பெனியின் பங்கு அப்படித்தான் ஏறியது. மைத்துனர் சொல்லாத கதை இன்டர்செப்ட் என்ற இன்னொரு மருந்துக் கம்பெனியுடையது. 2014 ஜனவரியில் சுமார் 72 டாலராக இருந்த பங்கு, அதன் கல்லீரல் மருந்துப் பரிசோதனையில் நல்ல சேதி வந்ததும், இரண்டே நாளில் 440-ஐத் தாண்டியது. அதே மருந்தை இந்த நோய்க்கு 2020-இலும் 2023-இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஏற்கவில்லை. கம்பெனி கைமாறியபோது பங்குக்குக் கிடைத்தது 19 டாலர்.

முடிவை ஊகிப்பது ஏன் கஷ்டம்? கல்லீரலில் ஊசி போட்டு எடுத்த துளிச் சதையை நுண்ணோக்கியில் பார்த்து, நோயால் கல்லீரலில் விழுந்த தழும்பு ஒரு படியாவது குறைந்ததா என்று மதிப்பிடுகிறார்கள். சதை வைத்த ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்து ஒரு டாக்டர் இரண்டாம் படி என்பார், இன்னொருவர் மூன்று என்பார். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சிலருக்குக் குறைந்துவிடும்!

புதுச்சேரியில் எங்கள் தெரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், இப்படித்தான் பாரீஸில் ஒரு கல்லீரல் மருந்துப் பங்கு வாங்கினார். 2020 மே மாதம், மாஸ்க்கோடு வாசலில் நின்று போனை நீட்டினார். பாதிக்கு மேல் காலி. "நல்லா வரும்னு டாக்டரே சொன்னாரே" என்றார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

சரி, மைத்துனர் தன் சொந்தப் பணத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார்? அதைக் கேட்டு எழுதுங்கள்.