ஆண் குட்டியா, பெண் குட்டியா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதன்முறையாக நாய் வளர்க்கப் போகிறோம். ஆண் என்றால் முரடு, பெண் என்றால் சாது என்கிறார்கள். வீட்டில் எட்டு வயதில் மகள் இருக்கிறாள். எது சரிப்படும்?

பதில்: அந்தப் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே துணிச்சலான பெட்டையும் இருக்கும், பயந்த சுபாவமுள்ள ஆணும் இருக்கும். தாய் தகப்பனின் குணமும், மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி மனிதர்களோடு எவ்வளவு பழகியது என்பதும்தான் அதிகம் பேசும். குட்டி பார்க்கப் போனால் தாயையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு தரையில் உட்கார்ந்து, சற்றுத் தள்ளி ஒரு சாவிக்கொத்தைப் போடுங்கள். திடுக்கிட்டாலும் சில நொடிகளில் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி, குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். ஓடி ஒளிந்து நெடுநேரம் வெளியே வராத குட்டி வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எந்தக் குட்டியும் மந்தமாகத்தான் இருக்கும், அதனால் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள்.

பெரிய இனம் என்றால் உடல் பலத்தையும் கணக்கில் எடுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டில் ஆண் 30 முதல் 40 கிலோ, பெண் 22 முதல் 32 கிலோ. சங்கிலி பிடிப்பவர் வயதானவராகவோ ஒல்லியானவராகவோ இருந்தால் அந்த வித்தியாசம் தினமும் கையில் தெரியும். மகளிடம் மட்டும், எந்த நாயானாலும், தனியாக சங்கிலியைக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பெட்டை வாங்கினால் ‘ஹீட்’ (இணைசேரும் பருவம்) சமயத்தில் படாத பாடு பட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் என்ன நடக்கும்?

பதில்: சிறிய இனங்கள் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வரும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதன்பின் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் மூன்று வாரம். பிறப்புறுப்பு வீங்கும், ரத்தக் கசிவு இருக்கும். முதல் ஒன்பது நாள் அளவில் ஆண் நாய்கள் மொய்த்தாலும் பெட்டை கிட்டே விடாது. அடுத்த ஒன்பது நாள் அளவில்தான் இணைசேர ஒத்துக்கொள்ளும். பலர் ஏமாறுவது இங்கேதான். கசிவு வெளிறிப்போனதும் ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்து வெளியே விடுகிறார்கள். கரு தரிக்கும் நாட்களே அவைதான்! கசிவு தொடங்கிய தேதியைக் குறித்துவைத்து, முழுதாக மூன்று வாரம் சங்கிலியில்லாமல் வெளியே விடாதீர்கள். டயபர் தரை அழுக்காகாமல் காக்கும், இணைசேர்வதைத் தடுக்காது.

இதைவிட முக்கியமானது பின்னால் வருகிறது. ஹீட் முடிந்து ஓரிரு மாதத்தில் பெட்டை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, சாப்பாட்டை ஒதுக்கிச் சுருண்டு படுத்தால், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே வந்தால் கண்ணில் படும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் வராது. ஆபத்து அதில்தான் அதிகம். காலை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கருத்தடை செய்யாத, நடுவயதைத் தாண்டிய பெட்டை வைத்திருப்பவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆண் வளர்ப்பதில் தொல்லையே இல்லையா?

பதில்: உண்டு, அது வருடம் முழுவதும் பரவிக் கிடக்கும். ஆறு மாதத்துக்கு மேல் காலைத் தூக்கி எல்லை குறிக்கத் தொடங்கும். கதவு மூலை, சோபா கால், புதிதாக வந்த பை, எதையும் விடாது. எங்கோ ஒரு பெட்டை ஹீட்டில் இருந்தால் சாப்பிடாமல் ஊளையிடும், சுவர் தாண்டும். அப்படி ஓடும் நாய்தான் வண்டியில் அடிபடுகிறது, சண்டையில் கடிபடுகிறது. வயதானபின் புராஸ்டேட் (சிறுநீர்ப்பையை ஒட்டியுள்ள சுரப்பி) வீங்கி மலம் கழிக்கச் சிரமப்படுவதும் உண்டு.

கேள்வி: கருத்தடை செய்துவிட்டால் இரண்டும் ஒன்றுதானா? எப்போது செய்ய வேண்டும்?

பதில்: பெரும்பாலான வித்தியாசங்கள் குறைந்துவிடும். ஆணுக்கு ஊர் சுற்றுவதும் எல்லை குறிப்பதும் பெரும்பாலும் குறையும். பல வருடப் பழக்கமாகிவிட்டால் முழுதாகப் போகாது. பயத்தால் கடிக்கிற நாய் ஆபரேஷனால் திருந்தாது, அதற்குப் பயிற்சிதான் வழி. ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்கு ஆணால் இன்னும் சினையாக்க முடியும், பெட்டை பக்கம் விடாதீர்கள்.

பெட்டைக்கு முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் பெரிய இனங்களில் எலும்பு வளர்ச்சி முடியாமல் அவசரப்பட்டால் மூட்டுக் கோளாறு வரக்கூடும் என்பதால் ஒரு வயதுக்கு மேல் காத்திருக்கச் சொல்வது உண்டு. உங்கள் நாயின் இனத்தையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் நாள் குறியுங்கள். ஹீட்டின்போது ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். பெட்டைக்கு வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன். பத்து முதல் பதினான்கு நாள் குதிக்கவோ தையலை நக்கவோ விடக் கூடாது, நக்குவதைத் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைக் கழற்றக் கூடாது. அதன்பின் இரு பாலுக்குமே உணவைக் கால்பங்கு அளவு குறைக்க வேண்டியிருக்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சில மாதங்களில் விலா எலும்பு கையில் தட்டுப்படாது.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுப் பெட்டை இருக்கிறது. அதற்குத் துணையாக இன்னொரு பெட்டை வாங்கலாமா?

பதில்: ஆண் குட்டி வாங்குங்கள். இரண்டு பெட்டைகளுக்குள் பகை மூண்டால் அதைத் தணிப்பது கடினம். முதல் பெட்டைக்கு இப்போதே கருத்தடை செய்துவிட்டால், குட்டி வளர்ந்தபின் பதற வேண்டியிருக்காது.

கேள்வி: விற்பவர் சொன்னதை நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்தபின் வேறு பால் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?

பதில்: குட்டியை மல்லாக்கத் தூக்குங்கள். முலைக்காம்பு இரண்டு பாலுக்கும் உண்டு, அதை வைத்து முடிவெடுக்க முடியாது. தொப்புள் தழும்புக்குச் சற்றுக் கீழே, அடிவயிற்றில் இன்னொரு சிறு மேடும் துளையும் தெரிந்தால் ஆண். வயிறு வெறுமையாக இருந்து, பின்னங்கால்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குக் கீழே இலை வடிவில் சிறு மடிப்பு தெரிந்தால் பெண். ஆண் என்றால், எட்டு வாரக் குட்டிக்கு இரண்டு விதைகளும் கீழே இறங்கியிருக்கிறதா என்று விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒன்று இல்லையென்றால் ஆறு மாதம் வரை பார்க்கலாம். அதற்கும் மேல் இறங்காத விதையில் பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும்.