அம்மாவுக்கு 8 அங்குல மலிவு டேப்லெட்: எதைப் பார்த்து வாங்குவது?

தமிழ் முரசு படிக்க, நூலக மின்னூல் இரவல் எடுக்க, யூடியூப் பார்க்க அம்மாவுக்கு ஒரு மலிவு டேப்லெட் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு 8 அங்குலத் திரை தாராளம். எம்ஆர்டி ரயிலில் ஒரு கையில் பிடித்தே படிக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது ராம், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். 4 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், பின்னால் கூட்ட முடியாது. 2 ஜிபி என்றால் அடுத்த செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் முதலாவது மூடிக்கொள்ளும். வயதானவர்கள் தாங்கள்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டோம் என்று பயந்துபோவார்கள், பாவம். சில விளம்பரங்களில் '12 ஜிபி' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் பெரும்பகுதி சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிய மெய்நிகர் ராமாக இருக்கலாம்; உண்மையான அளவைக் கேளுங்கள். சேமிப்பிடம் 64 ஜிபி போதும், மெமரி கார்டு போட இடம் இருந்தால் சரி.

அப்புறம், முஸ்தஃபாவில் வாங்கினாலும் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் 2012 முதல் 'லெமன் லா' (பழுதான பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் சட்டம்) நடப்பில் இருக்கிறது. 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், பொதுவாக அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். அம்மா கையில் கொடுக்கும் முன் அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள்.