பயிற்சியில் நூற்றுக்கு நூறு, மெயிலில் மட்டும் ஏன் தப்பு?

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தேன். கரூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. தினமும் இங்கிலீஷில் மெயில் போட வேண்டும். மூன்று மாத ஆன்லைன் கிராமர் கோர்ஸ் முடித்துவிட்டேன். பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம். பயிற்சிகளில் முழு மார்க். மெயில் எழுதினால் மட்டும் மேனேஜர் வரிக்கு வரி திருத்துகிறார். அடுத்த லெவல் கோர்ஸில் சேரலாமா? எதை முதலில் படிக்க வேண்டும்? பையிங் ஏஜென்ட்டுக்கு நான் எழுதிய மெயில் இது: 'ஐ ஹேவ் சென்ட் இன்வாய்ஸ் எஸ்டர்டே. பையர் டிட் நாட் ரிசீவ்ட். வீ டிஸ்கஸ்ட் அபவுட் பேமென்ட் ஆல்சோ. ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்.'

பதில்: அடுத்த லெவல் இப்போதைக்கு வேண்டாம். படித்ததையே வேறு வரிசையில், எழுதித் திருத்தும் முறையில், ஒரு பதினாறு வாரம் படியுங்கள்.

உங்கள் முழு மார்க்குக்குக் காரணம் எளிது. 'ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் பத்து கோடிட்ட இடம் இருந்தால், பத்துக்கும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்'தான் என்பதைப் பக்கமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மெயிலில் தலைப்பு கிடையாது. எந்த வடிவம் என்று நீங்களே தேர்வு செய்ய வேண்டும், அந்தத் தேர்வுக்குத்தான் உங்களுக்குப் பயிற்சி இல்லை. அந்த இடத்தில் கை தானாகத் தமிழைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் நான்கு வரியிலும் அடியில் ஓடுவது நல்ல தமிழ்தான்.

முதல் வரியைப் பாருங்கள். 'நேற்றே அனுப்பியிருக்கிறேன் சார்' என்பது தமிழில் சரியான வாக்கியம். 'அனுப்பியிருக்கிறேன்' நேற்றோடும் சேரும், இன்றோடும் சேரும். ஆங்கிலத்தின் 'ஹேவ் சென்ட்' அப்படிச் சேராது. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் (எஸ்டர்டே, லாஸ்ட் வீக், 2019இல், காலை பத்து மணிக்கு) சிம்பிள் பாஸ்ட்தான்: 'ஐ சென்ட் தி இன்வாய்ஸ் எஸ்டர்டே.' நேரத்தைச் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்ற நிலையை மட்டும் சொன்னால் 'ஐ ஹேவ் சென்ட் தி இன்வாய்ஸ்.' எழுதி முடித்ததும் 'எப்போது?' என்று கேளுங்கள். பதில் வாக்கியத்துக்குள்ளேயே இருந்து, அந்த நேரம் முடிந்தும் போயிருந்தால் 'ஹேவ்' வராது. 'சின்ஸ் மண்டே' போல இன்றுவரை நீளும் காலத்துக்கு இது பொருந்தாது; அங்கே 'ஹேவ்' வேண்டும்.

இரண்டாம் வரியில் 'டிட் நாட் ரிசீவ்ட்'. இதற்குத் தமிழே சாவி தருகிறது. 'வரவில்லை' என்ற சொல்லைப் பிரித்தால் வர + இல்லை. 'வந்தவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. இறந்த காலத்தைச் சொன்னாலும் வினை 'வர' என்றே நிற்கிறது. ஆங்கிலமும் அதே மாதிரி: 'டிட் நாட்' வந்துவிட்டால் அடுத்த வினை மொட்டையாக 'ரிசீவ்' என்றே நிற்கும். கேள்வியிலும் இதே விதி: 'டிட் யூ ரிசீவ் இட்?' கூடவே ஒன்று: 'ரிசீவ்' தனியாக நிற்காது, எதை என்று சொல்லியாக வேண்டும். தமிழில் 'கிடைக்கவில்லை' என்றால் போதும். ஆங்கிலத்தில் 'தி பையர் டிட் நாட் ரிசீவ் இட்' என்று அந்த 'இட்'டையும் எழுத வேண்டும்.

'டிஸ்கஸ்ட் அபவுட்' எங்கிருந்து வந்தது? 'பேமென்ட் பற்றிப் பேசினோம்' என்பதிலிருந்து. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கிவிடுகிறது. நேராக 'டிஸ்கஸ்ட் தி பேமென்ட்' என்றால் போதும். மென்ஷன், ரெக்வெஸ்ட், கான்டாக்ட், ரீச் எல்லாம் இதே கூட்டம்; வினையாக வரும்போது பின்னால் பிரிப்போசிஷன் கேட்காதவை. 'ரெக்வெஸ்ட் ஃபார்' என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல் வடிவத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள். 'எ ரெக்வெஸ்ட் ஃபார் சாம்பிள்ஸ்' சரி, 'எ டிஸ்கஷன் அபவுட் பேமென்ட்' சரி. வினையானதும் அந்த ஒட்டு உதிர்ந்துவிடும். பிரிப்போசிஷனைத் தனிப் பாடமாக உருப்போட்டு யாரும் தேறியதில்லை. வினையோடு சேர்த்து, ஜோடியாக, நாளுக்கு மூன்று என்று எழுதிப் பழகுங்கள்.

நான்காவது வரி, 'எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.' உடைமையைச் சொல்லும் 'ஹேவ்'க்கு 'ஐஎன்ஜி' வராது. 'ஹேவிங் லஞ்ச்' சரிதான், அங்கே அது சாப்பிடும் செயல். நோ (தெரிதல்), வான்ட், அண்டர்ஸ்டாண்ட், பிலாங் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளும் இப்படியே. 'டவுட்' என்ற சொல்லையும் மாற்றுங்கள். நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. வெளிநாட்டுக்காரர் காதில் அது நம்பிக்கையின்மையாக விழலாம். 'ஐ ஹேவ் எ க்வெஸ்டின்' என்று எழுதுங்கள்.

இனி ஆர்ட்டிகிள். தமிழ் வழியில் படித்தவர்களை இறுதிவரை விடாமல் துரத்துவது இதுதான். பெரும்பாலான கோர்ஸ்களில் இதற்கு ஒரே ஒரு வகுப்பு. 'எ ஆப்பிள் தப்பு, ஆன் ஆப்பிள் சரி' என்று முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கே இல்லை. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் தனியாக நிற்பது மிக அரிது. 'எ', 'தி', 'மை', 'திஸ்' ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். 'பையர்', 'இன்வாய்ஸ்' என்று நீங்கள் விட்டது இதைத்தான். 'எ'யா 'தி'யா என்பதற்கு நம் இரண்டாம் வேற்றுமை ஓரளவு கை கொடுக்கும். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம்; 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். செயப்படுபொருளில் 'ஐ' ஒட்டத் தோன்றுகிற இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். இதை எல்லா இடத்துக்கும் இழுக்காதீர்கள்; உயர்திணைப் பெயர் எப்படியும் 'ஐ' ஏற்கும் என்பதால் ஆட்களைக் குறிக்கும்போது இந்தச் சோதனை பயன்படாது.

வரிசைக்கு வருவோம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம். முதல் நான்கு வாரம் வாக்கியத்தின் எலும்புக்கூடு: எழுவாயை விடாமல் எழுதுவது, 'பி' (ஆம், இஸ், ஆர்) எங்கே 'டூ' (டஸ், டிட்) எங்கே, எதிர்மறை, கேள்வி. 'ஆமா' என்பதில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் இங்கேயே பழகுங்கள். 'நீங்கள் அனுப்பவில்லையா?' என்றால் தமிழில் 'ஆமா, அனுப்பலை' என்போம். 'டிட்ன்ட் யூ ஷிப் இட்?' என்று பையர் போனில் கேட்கும்போது அதே பழக்கத்தில் 'யெஸ்' என்றால், சரக்கு கப்பல் ஏறிவிட்டதாக அவர் எழுதிக்கொள்வார். அனுப்பாவிட்டால் 'நோ, வீ டிட்ன்ட்.'

அடுத்த நான்கு வாரம் சிம்பிள் பாஸ்ட்டையும் பெர்ஃபெக்ட்டையும் கன்டினியூவஸையும் கலந்து வைத்த பயிற்சி மட்டும். அப்புறம் மூன்று வாரம் ஆர்ட்டிகிள், ஒருமை பன்மை. 'பத்து சாம்பிள்' தமிழில் சரி, ஆங்கிலத்தில் 'சாம்பிள்ஸ்.' பிறகு மூன்று வாரம் வாக்கியங்களை இணைப்பது. 'மழை பெய்தாலும்... ஆனாலும்' என்ற பழக்கத்தில் 'ஆல்தோ'வையும் 'பட்'டையும் ஒரே வாக்கியத்தில் போடுவோம்; ஒன்று போதும். கடைசி இரண்டு வாரம் 'குட் யூ', 'வுட் யூ' என்று பணிவாகக் கேட்பது. பாஸிவ் வாய்ஸ் மாற்றும் பயிற்சியைத் தள்ளிப் போடலாம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் இல்லாமல் ஏற்றுமதி மெயில் தாராளமாக ஓடும்.

அன்றாட 45 நிமிடத்தில் விதி படிப்பது பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பதினைந்து நிமிடம் கலவைப் பயிற்சி, பதினைந்து நிமிடம் உங்கள் அலுவலக விஷயத்தை வைத்தே ஐந்து வாக்கியம், மீதி ஐந்து நிமிடம் பிழை நோட்டு. நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி: நான் எழுதியது, திருத்தியது, அடியில் ஓடிய தமிழ் வாக்கியம். மூன்றாவது பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், பிழை எங்கே பிறக்கிறது என்று காட்டுவது அதுதான். ஐந்தாம் நாள் புதுப் பாடம் வேண்டாம். அந்த வாரம் அனுப்பிய இரண்டு மெயிலை எடுத்துத் திருப்பி எழுதுங்கள். கிராமர்லி போன்ற திருத்தும் செயலியை முதலிலேயே திறந்தால் 'அக்செப்ட்' அழுத்தும் விரல் மட்டும்தான் பழகும். எழுதி முடித்து, நீங்களே ஒரு முறை பார்த்த பிறகு திறங்கள். விலையும் பையர் பெயரும் உள்ள மெயிலை அதில் ஒட்ட வேண்டாம்.

கணக்கு போட்டால் இது மொத்தம் 60 மணி நேரம். 2001இல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஏ2வுக்கு 180 முதல் 200 மணி நேரம், பி1க்கு 350 முதல் 400 மணி நேரம் வழிகாட்டுதலோடு கூடிய படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் மதிப்பீடு. ஆகவே 60 மணி நேரத்தில் ஒரு படி ஏறிவிட மாட்டீர்கள். உங்களிடம் வேரோடிய ஐந்தாறு பிழைகளைப் பிடுங்கலாம். 30 நாளில் சரளம் என்று விளம்பரம் வந்தால் இந்தக் கணக்கை ஒரு முறை பாருங்கள்.

பிற்பாடு காசு கட்டிச் சேரும்போது பாட எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை என் எழுத்தை ஒரு ஆள் படித்துத் திருத்துவார்? ஒரு முறைகூட இல்லையென்றால், பிரிட்டிஷ் கவுன்சிலின் 'லேர்ன் இங்கிலீஷ்' தளத்தில் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும் இலக்கணப் பாடங்களே போதும். உங்களுக்கு மேனேஜர் ஏற்கெனவே திருத்தித் தருகிறார். அந்தத் திருத்தங்களை முதலில் நோட்டில் ஏற்றுங்கள்.

இன்றே கடைசியாக அனுப்பிய பத்து மெயிலை எடுத்து, நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பதினாறாம் வாரம் புதிதாகப் பத்து மெயிலை எண்ணுங்கள். நூறுக்கு இரண்டுக்குள் வந்திருந்தால் அடுத்த லெவலில் சேரலாம். இல்லையென்றால் எந்த வகைப் பிழை அதிகம் என்று பார்த்து, அந்தப் பகுதி வாரங்களை மட்டும் திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் அது ஆர்ட்டிகிளாகத்தான் இருக்கும்.