புல்தரை பாய் மாதிரி சுருண்டு வருது, என்ன மருந்து போடலாம்? மன்னார்குடி வாசகருக்கு பதில்

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். மன்னார்குடி பக்கத்துல ஒரு தம்பி, சிங்கப்பூர்ல ரொம்ப வருஷம் வேலை பார்த்துட்டு ஊருக்கு வந்து வயலை ஒட்டி வீடு கட்டியிருக்காரு, வாசலுக்கு முன்னாடி 1,200 சதுர அடிக்கு கொரியன் புல் போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. வைகாசியில மஞ்சளாச்சு, தண்ணி கூட விட்டதும் தேறிடுச்சு, ஆனா இப்ப ஆவணி கடைசியில திட்டுத் திட்டா காயுது, கையால இழுத்தா பாய் மாதிரி சுருண்டு வருது, நடுநடுவுல கோரை வேற குத்திக்கிட்டு நிக்குது. பூச்சி மருந்துக் கடையில ஒரு குருணை மருந்து பாக்கெட் குடுத்திருக்காங்க, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு, நாய் இருக்கு, போடலாமா வேணாமான்னு கேக்குறாரு.

தம்பி, அந்த பாக்கெட்டைப் பிரிக்காதீங்க. மேல என்ன பேர் போட்டிருக்குன்னு மட்டும் பாருங்க. ஃபோரேட்னு இருந்தா அது 2020 டிசம்பர் 31-ஓட நாடு முழுக்கத் தடை ஆன மருந்து, இன்னும் அங்கங்க பழைய சரக்கு நடமாடுதுன்னா வாங்குறவங்க இருக்கறதுனாலதான். கார்போஃபியூரான் குருணையா இருந்தாலும் பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுற எடத்துல அதுக்கு வேலை இல்ல, மைனாவும் புறாவும் தீனின்னு நெனச்சு பொறுக்கிட்டு அங்கேயே விழும், செத்த மைனாவை உங்க நாய் கவ்வும். திருப்பிக் குடுத்துடுங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். புல் மஞ்சளானா உடனே பூச்சின்னு முடிவு பண்ணக்கூடாது, என்கிட்ட வர்ற புல்தரை கேள்விங்கள்ல பாதிக்கு மேல தண்ணி பிரச்சினையும் மண் பிரச்சினையும்தான். ஆனா உங்க விஷயத்துல நீங்க சொன்ன ஒரு அடையாளம் போதும், வேர் புடிப்பே இல்லாம சுருண்டு வருதுன்னா கீழ வேரை யாரோ தின்னிருக்காங்க. வெயில்ல காஞ்ச புல் இப்படி வராது, இழுத்தா இலைதான் அறுந்து கையில வரும், வேர் மண்ணுலயே நிக்கும். ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. காஞ்ச திட்டோட நடுவுல இல்ல, பச்சையும் மஞ்சளும் சேர்ற ஓரத்துல, ஒரு அடிக்கு ஒரு அடி மூணு பக்கம் மண்வெட்டியால வெட்டி புல்லை மடக்கி கீழ நாலு விரக்கடை மண்ணைக் கிளறிப் பாருங்க. வெள்ளையா, தலை மட்டும் பழுப்பா, அரை வட்டமா வளைஞ்சு படுத்திருக்கற புழு கிடைச்சா அதுதான் வேர்ப்புழு. நாலஞ்சு இருந்தா நல்லா இருக்கற புல் தாங்கிக்கும், எட்டு பத்துன்னு கிடைச்சா கை வைக்கணும். காலையில மைனாவும் கொக்கும் உங்க புல்லை விட்டு நகராம குத்திக் குத்தி எடுக்குதுன்னா அதுவும் இதுக்கு சாட்சிதான், விரட்டாதீங்க.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. சித்திரை வைகாசியில ஒரு கோடை மழை நல்லா அடிச்சு நிக்குது பாருங்க, அன்னிக்கு சாயங்காலம் இருட்டுன உடனே மண்ணுக்குள்ள இருந்து பழுப்பு வண்டு கூட்டமா வெளிய வந்து வேப்பமரம் முருங்கை மரத்துல ஏறி இலையைத் தின்னும், பொழுது விடியறதுக்குள்ள மறுபடி மண்ணுக்குள்ள போயி முட்டை போடும், அந்த முட்டையில வந்ததுதான் இப்ப உங்க வேரைத் தின்னுக்கிட்டு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். அதனால அடுத்த வருஷம் அந்த முதல் மழை அன்னிக்கு ராத்திரி வேப்பங்கிளையை உலுக்கி, விழற வண்டை மண்ணெண்ணெய் கலந்த தண்ணியில போட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. களிமண்ணுல இது அவ்வளவா வராது, ஒரத்தநாடு பட்டுக்கோட்டை பக்கம் மணல் கலந்த செம்மண்ணுலதான் அதிகம், ஆனா இப்ப வீடு கட்டுற எல்லாரும் மனையை மேடாக்க சவுடு மண் லாரி லாரியா அடிக்கிறதுனால வயலுக்கு நடுவுல இருக்கற வீட்டுத் தரையும் வண்டுக்குப் புடிச்ச தரையா ஆயிடுது. இன்னொண்ணு, மக்காத சாணி எருவைப் போட்டிருந்தா அதுல கட்டைவிரல் தண்டிக்குப் பெரிய புழு வரும், அது தென்னையை அடிக்கிற காண்டாமிருக வண்டோட புழு, அது எருவைத்தான் திங்கும், புல்வேர் மேல அதுக்கு அவ்வளவா ஆசை இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சரி, இப்ப என்ன செய்யலாம். ஆவணி கடைசியில புழு பெருத்துப்போயிருக்கும், இந்த வளர்த்தியில கெமிக்கல் ஊத்தினாலும் லேசுல சாகாது. புல்தான் சுருண்டு வருதே, அந்த திட்டு அத்தனையும் சுருட்டி எடுத்துட்டு கையாலயே பொறுக்குங்க, ரெண்டு ஆள் வச்சா அரைநாள் வேலை. அப்புறம் மெட்டாரைசியம் அனிசோப்ளியேன்னு ஒரு பூஞ்சாணப் பொடி இருக்கு, வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்துல விசாரிங்க, இல்லாட்டி உயிர் உரம் விக்கிற கடையில கிடைக்கும், காலாவதி தேதி மட்டும் பாத்து வாங்குங்க. ஒரு கிலோ பொடியை 25 கிலோ நல்லா மக்குன எருவுல கலந்து, தண்ணி தெளிச்சு, ஈர சாக்கு போட்டு மூடி நிழல்ல ஒரு வாரம் வச்சு, சாயங்கால நேரமா புல்தரை முழுக்கத் தூவி தண்ணி விடுங்க. இது புழு உடம்புல முளைச்சுக் கொல்லும், அதனால மெதுவாத்தான் வேலை செய்யும், மறுநாளே செத்துக் கிடக்கும்னு எதிர்பார்க்காதீங்க. அந்தச் சமயம் பூஞ்சாணக்கொல்லி எதையும் அடிச்சுடக்கூடாது, அடிச்சா இதுவும் சேந்து போயிடும். வேப்பம்புண்ணாக்கு ஒரு பத்து கிலோ தூள் பண்ணி கூடவே போடலாம், நாய்க்கு எட்டாம உடனே தண்ணி விட்டு எறக்கிடுங்க.

வேற பூச்சிங்க இருக்கான்னு பாக்க ஒரு வழி. ஒரு வாளி தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூணு ஸ்பூன் கலக்கி ஒரு சதுர மீட்டர் எடத்துல ஊத்திட்டு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க. பிள்ளைப்பூச்சி இருந்தா எரிச்சல் தாங்காம மேல வந்துடும், படைப்புழு இருந்தாலும் வரும். வேர்ப்புழு மட்டும் இதுக்கு வராது, அதுக்குத் தோண்டித்தான் ஆகணும். படைப்புழு நம்ம டெல்டாவுல நெல்லோட கூடவே வர்ற விருந்தாளி, மேட்டூர்ல ஜூன் 12 வாக்குல தண்ணி திறந்து குறுவை நாத்து விடுறப்பவும், அப்புறம் சம்பா நாத்தங்கால் சமயத்துலயும், கொஞ்ச நாள் காஞ்சு கெடந்துட்டு திடீர்னு மழை பேஞ்சா வரப்புப் புல்லுல இருந்து கூட்டமா கெளம்பும், உங்க வீடு வயலை ஒட்டியே இருக்கறதுனால ஒரே ராத்திரியில ஒரு மூலையை மொட்டையடிச்சுட்டுப் போனாலும் ஆச்சரியமில்ல. சின்னப் புழுவா இருக்கறப்பவே பாத்தீங்கன்னா பி.டி.ன்னு (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) விக்கிற பாக்டீரியா மருந்தோ அஞ்சு சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலோ சாயங்காலம் அடிச்சா போதும், அதாவது லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு இடிச்சு ராத்திரி ஊறவச்சு வடிகட்டி கொஞ்சம் காதி சோப்பு கரைச்சது. பெருத்துப்போச்சுன்னா குளோரான்ட்ரானிலிப்ரோல் லிட்டருக்கு 0.3 மில்லி, அடிச்ச அன்னிக்கு பிள்ளைங்களையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீங்க.

ஐப்பசியில லைட்டைச் சுத்தி பச்சைத் தத்துப்பூச்சி கொத்துக் கொத்தா விழுந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருது இல்லையா, அது நெல்லுப் பூச்சி, அதுக்குப் பயந்து புல்லுல மருந்து அடிக்கிறவங்க இருக்காங்க, வேண்டாத வேலை. லைட்டை அணைங்க போதும். கரையான் மண்ணு புல் மேல தெரிஞ்சாலும் அப்படித்தான், அது பெரும்பாலும் செத்த சருகைத்தான் திங்குது, தரை காஞ்சு கிடக்குன்னு அர்த்தம்.

கோரைக்கு வருவோம், இது பூச்சியை விடப் பெரிய தலைவலி. கையால புடுங்காதீங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கீழ கிழங்கு கிழங்கா சங்கிலி போட்டுக்கிட்டு இருக்கும், மேல இருக்கறதைப் புடுங்கினா தூங்கிக்கிட்டு இருந்த கிழங்கெல்லாம் முழிச்சுக்கிட்டு ஒண்ணுக்கு மூணா வரும். தண்டை உருட்டிப் பாருங்க, மூணு பட்டையா இருக்கும், அது புல் ஜாதியே இல்ல, அதனாலதான் புல்லை விட்டுட்டு அதை மட்டும் கொல்ற மருந்து சாத்தியமாகுது. ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் 75 சதவீதப் பொடி, கரும்புக்காரங்க கோரைக்கு ஏக்கருக்கு 36 கிராம் அடிக்கிறதுதான், உங்க 1,200 சதுர அடிக்கு கணக்குப் போட்டா ஒரே ஒரு கிராம், அஞ்சு லிட்டர் தண்ணியில, கூட மருந்து இலையில ஒட்டி நிக்கறதுக்கு ஒட்டுப்பசை கொஞ்சம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன தராசு இல்லாம கண்ணால அளந்து போடாதீங்க. கோரை மூணு நாலு இலை விட்டு நிக்கிறப்ப அடிக்கணும், முன்னாடி ரெண்டு நாள் பின்னாடி ரெண்டு நாள் புல் வெட்டக்கூடாது, பூச்செடி மேல படக்கூடாது, கருக ரெண்டு மூணு வாரம் ஆகும், ஒன்றரை மாசம் கழிச்சு மிச்சம் வர்றதுக்கு இன்னொரு தடவை. முதல்ல ஒரு மூலையில மட்டும் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் மத்த எடத்துக்குப் போங்க, அதுவும் வேர்ப்புழு தின்னு நொந்து கிடக்கற திட்டு தேறின பிறகுதான். கிளைபோசேட் அடிச்சா கோரையோட புல்லும் சேந்து போயிடும், அதோட அதைப் பூச்சி ஒழிப்பு உரிமம் வச்சிருக்கறவங்கதான் அடிக்கணும்னு 2022-ல மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆகணும், நீங்க மனசுல வச்சிருக்கறது சிங்கப்பூர் புல்லு. அங்க வருஷம் முழுக்க மழை, வறண்ட மாசம்னு தனியா ஒண்ணு கிடையாது. நம்ம ஊர்ல வருஷ மழையில பாதிக்கு மேல ஐப்பசி கார்த்திகையை ஒட்டி மூணு மாசத்துல கொட்டிட்டுப் போயிடும், மாசிக்கு மேல எப்பவாவது ஒரு கோடை மழை வந்தாத்தான் உண்டு. ஒரே பராமரிப்பை பன்னெண்டு மாசமும் செஞ்சா வெயில்ல காயும், மழையில அழுகும். கோடையில தினமும் சாயங்காலம் பைப்பைப் புடிச்சு அஞ்சு நிமிஷம் தெளிக்கிறது இருக்கே, அதுதான் வேரை மேலாப்ல நிறுத்தி வெயிலுக்குக் காட்டிக் குடுக்குறது. வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணி வேணும், உங்க அளவுக்கு அது சுமார் 2,800 லிட்டர், ரெண்டா பிரிச்சு விடியக்காலையில விடுங்க, அக்னி நட்சத்திரத்துல இன்னும் கொஞ்சம் கூட. ஓர் அங்குலம் விழுதான்னு தெரிய நேரா நிக்கிற டிபன் டப்பா ரெண்டு மூணை புல் மேல வச்சு ஸ்கேல் வச்சு அளந்துக்கலாம். போர் தண்ணி உப்பா இருந்தா இந்தக் கணக்கெல்லாம் உதவாது, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் இருந்து கேக்கறவங்களுக்கு நான் முதல்ல தண்ணியை சோதிக்கத்தான் சொல்லுவேன், நீங்களும் மண்ணு தண்ணி ரெண்டையும் மண் பரிசோதனை நிலையத்துல ஒரு தடவை குடுத்துப் பாத்துடுங்க. புது இலை மட்டும் வெளிறிப்போயி நரம்பு பச்சையா இருந்தா இரும்புச் சத்து குறை, அன்னபேதி உப்பு லிட்டருக்கு அஞ்சு கிராம் கரைச்சு அடிங்க, டைல்ஸ் மேல பட்டா துருக்கறை போகவே போகாது.

மழைக்கு முன்னாடி, அதாவது புரட்டாசிக்குள்ள, பொட்டாஷ் அரை கிலோ தூவி தண்ணி விட்டுடுங்க. யூரியா இப்ப வேண்டாம், தளதளன்னு வளந்த இலைக்குத்தான் மழைக்காலத்துல பூஞ்சாணம் சுலபமா புடிக்கும். தண்ணி தேங்குற எடத்துல வாய்க்கா வெட்டி வெளிய விடுங்க, வேற எந்த வேலையும் செய்யாட்டியும் இதைச் செய்யுங்க, ஒரு வாரம் தண்ணி நின்னா கொரியன் புல் கீழ அழுகிடும். ஈரத்துல மெஷின் ஓட்டாதீங்க. வட்ட வட்டமா பழுப்பு பரவுச்சுன்னா புரோபிகோனசோல் லிட்டருக்கு ஒரு மில்லி, ஆனா மெட்டாரைசியம் போட்டு ஒரு மாசமாவது ஆகியிருக்கணும். பொங்கல் கழிஞ்சு தரை காஞ்சதும் யூரியா அரை கிலோ, இலையில ஈரம் இல்லாதப்ப தூவிட்டு உடனே தண்ணி. அவ்வளவுதான்.

சம்பா அறுப்பு முடிஞ்சதும் வயல் எலி வீட்டுப் பக்கம் நகரும், புல்தரை ஓரத்துல வளை போடும், எலி வந்தா பின்னாடியே பாம்பும் வரும். விஷம் வைக்காதீங்க, நாய் இருக்கு. மூங்கில்ல செய்யற எலிப்பொறி, தஞ்சாவூர் கிட்டி, அதை வைக்கத் தெரிஞ்ச பெரியவர் யாராவது உங்க ஊர்ல இருப்பாரு, கூப்பிட்டு வைங்க. மதில் ஓரம் புல்லை ஒட்ட வெட்டி வைங்க.

சுருட்டி எடுத்த எடத்துல திரும்ப என்ன போடறதுன்னா, கொரியன் புல்லே வேணும்னு பிடிவாதம் இல்லேன்னா அருகம்புல் போடுங்கன்னுதான் சொல்லுவேன். கொரியன் மெதுவா வளரும், அடிபட்டா தேற மாசக்கணக்காகும், போகப் போக மேடும் பள்ளமுமா முட்டிக்கும். அருகு நம்ம வரப்புலயே சும்மா கிடக்கு, மிதிச்சாலும் புழு தின்னாலும் மறுபடி ஓடிப் புடிச்சுக்கும், அதைக் களைன்னு புடுங்கி எறிஞ்சுட்டு பிள்ளையார் சதுர்த்திக்குக் காசு குடுத்து வாங்குறவங்களையும் பாக்குறோம். ஒண்ணரை அங்குலம் உயரத்துக்குக் கீழ வெட்டாதீங்க, ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க.

நாய் மூத்திரம் போற எடத்துல வர்ற வட்டக் கருகல் தனி, நடுவுல வெந்து சுத்தி கரும்பச்சையா வளையம் தெரியும், அதுக்கு எந்த மருந்தும் கிடையாது, போன உடனே ஒரு வாளி தண்ணி ஊத்தறதுதான். இல்லேன்னா கொல்லைப்பக்கம் ஒரு எடத்துக்குப் பழக்குங்க.